பதினேழு வயதில் ஒரு வாக்காளர் விண்ணப்பம்: முன்பதிவுச் சேவை பற்றிய மதிப்பாய்வு

என் அக்கா மகளின் வாக்காளர் அடையாள அட்டையில் இருப்பது பள்ளிச் சீருடையில் எடுத்த படம். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்காக எடுத்த படங்களில் மீந்திருந்த ஒன்றை, 2023 நவம்பரில் எங்கள் ஊர்ப் பள்ளியில் நடந்த வாக்காளர் சிறப்பு முகாமில் படிவத்தில் ஒட்டிக் கொடுத்தோம். அப்போது அவளுக்குப் பதினேழரை வயது. பதினெட்டு நிறைவதற்கு முன்பே வாக்காளர் பட்டியலுக்கு விண்ணப்பிக்கலாம் என்று தேர்தல் ஆணையம் ஏற்படுத்தியிருக்கும் வசதியைப் பயன்படுத்தி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அட்டையும் பெற்றுவிட்டாள். அட்டை வந்து ஓராண்டு ஆகியிருக்கும் இந்த 2025 ஆகஸ்டில், இச்சேவை எப்படி இயங்குகிறது, எங்கே நன்றாக இருக்கிறது, எந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது என்பதை, வீட்டில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், இந்த வசதி என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2022 வரை வாக்காளர் பட்டியலுக்கு ஒரே ஒரு தகுதி நாள்தான் இருந்தது. அது ஜனவரி 1. அந்த நாளில் 18 வயது நிறைந்திருந்தால் பெயர் சேரும். ஜனவரி 2-ஆம் நாள் பிறந்தவர் ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டும். தேர்தல் சட்டங்கள் திருத்தச் சட்டம், 2021 இதை மாற்றியது. 2022 ஆகஸ்ட் 1 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கும் தகுதி நாள்களாயின. அதையொட்டியே பதினேழு வயது கடந்தவர்கள் முன்கூட்டி விண்ணப்பிக்கும் வழியும் திறந்தது. வழக்கமாக ஆண்டின் கடைசி மாதங்களில் வரைவு வாக்காளர் பட்டியல் வெளியாகும்போது, வரும் ஜனவரி 1-க்கு மட்டுமன்றி, அடுத்த மூன்று தகுதி நாள்களில் வயது நிறைபவர்களும், புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ அப்போதே கொடுத்துவிடலாம். 2023-இல் வரைவுப் பட்டியல் அக்டோபர் 27-ஆம் நாள் வெளியானது. எங்கள் வீட்டுப் பெண் 2006 மே மாதம் பிறந்தவள். ஆகவே 2024 ஜூலை 1 என்னும் தகுதி நாளுக்கு விண்ணப்பித்தோம்.

முகாம் நடந்த இடம் அவள் எட்டாம் வகுப்பு வரை படித்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. எங்கள் பாகத்துக்கு, அதாவது எங்கள் வாக்குச்சாவடிக்கு உட்பட்ட பகுதிக்கு, வாக்குச்சாவடி நிலை அலுவலராக இருந்தவர் ஓர் அங்கன்வாடிப் பணியாளர். அவளைக் குழந்தையாக இருந்தபோதிருந்து அறிந்தவர். படிவத்துக்கு வேண்டிய சான்றுகள் மிகக் குறைவு. வயதுக்குப் பிறப்புச் சான்றிதழோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோ ஆதாரோ போதும்; முகவரிக்கும் ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் போன்றவற்றில் ஒன்று போதும். கட்டணம் ஏதும் இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் தடுமாறும் ஓர் இடத்தை மட்டும் குறிப்பிட வேண்டும். படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, தலைப்பெழுத்துத்தான். அந்தக் கட்டத்தில் தந்தை பெயரை எழுதிவிட்டு, பிறகு ஆதாரில் ஒரு பெயர், வாக்காளர் அட்டையில் இன்னொரு பெயர் என்று அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பள்ளிச் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதிவிட்டு, உறவினர் பெயர் என்னும் இடத்தில் தந்தை பெயரையோ தாய் பெயரையோ தருவதே தொல்லை இல்லாத வழி. அவள் தாய் பெயரைத் தந்தாள். இணையத்தில் விண்ணப்பிப்பவர்கள், ஆங்கிலத்தில் தட்டிய பெயருக்குத் தமிழில் தானாக வரும் எழுத்துகளை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். ழகர, ளகர, லகரங்களை எழுத்துப்பெயர்ப்பு இயந்திரத்தின் கையில் ஒப்படைத்துவிடக் கூடாது.

கொடுத்த பிறகு நடப்பதும் தெளிவாகவே இருக்கிறது. விண்ணப்பத்துக்கு ஒரு குறிப்பு எண் கிடைக்கிறது. அதைக்கொண்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். உரிய காலாண்டு வரும்வரை விண்ணப்பம் காத்திருக்கும்; அதன் பிறகே கள விசாரணையும் ஒப்புதலும் நடக்கும். ஜூலையில் அலுவலர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆகஸ்டில் விரைவு அஞ்சலில் அட்டை வந்தது. ஒரு சான்றிதழுக்கு மூன்று முறை அலைந்து பழகிய குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். அலுவலகப் பணி என்ற அளவில் இந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். ஐந்து மாதமோ எட்டு மாதமோ முன்னதாகவே பிள்ளையின் தாள்களை ஒழுங்குபடுத்தி வைத்துவிட முடிகிறது என்பது, கல்லூரிச் சேர்க்கைக்காக ஓடும் ஜூன், ஜூலை மாதங்களில்தான் எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும்.

படிவத்தின் கடைசியில் ஓர் உறுதிமொழி இருக்கிறது. தான் இந்தியக் குடிமகள், இந்த முகவரியில் இந்த மாதத்திலிருந்து வசித்துவருகிறேன், கொடுத்த விவரங்கள் உண்மையானவை, பொய்யான தகவல் தருவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950-இன் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம் என்பதை அறிவேன் என்று விண்ணப்பிப்பவரே கையெழுத்திட வேண்டும். பெற்றோர் கையெழுத்து அங்கே தேவையில்லை. அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “மாமா, இதுக்கு என் கையெழுத்து செல்லும், ஓட்டு மட்டும் செல்லாதா?” என்று கேட்டாள். அலுவலரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு அன்று பதில் வரவில்லை. இந்த மதிப்பாய்வின் பாதி அந்தக் கேள்விக்கு உரியது. ஏனென்றால் பதினேழு வயதினரை அழைத்து, படிவம் கொடுத்து, கையெழுத்து வாங்கும் ஒரு சேவையை மதிப்பிடும்போது, அதன் முடிவில் அவர்களுக்கு எது கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்று பார்க்காமல் விட முடியாது.

2024 ஏப்ரல் 19-ஆம் நாள் தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல். அவளுக்கு 18 நிறைய ஒரு மாதமே இருந்தது. விண்ணப்பம் கணினியில் காத்திருந்தது. அவள் வாக்குச்சாவடியின் வாசலில் காத்திருந்தாள். அதே நடுநிலைப் பள்ளிதான். அவள் உட்கார்ந்து படித்த எட்டாம் வகுப்பு அறையே வாக்குச்சாவடி. என் தாயாருக்கு இரண்டு கண்ணிலும் புரை; இயந்திரத்தில் இருக்கும் சின்னங்கள் தெரியாது. பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வரிசையில் வந்தார். அவள் உடன் வந்தால் போதும் என்றார். தேர்தல் நடத்தை விதிகள், 1961-இன்படி, பார்வையற்ற அல்லது உடல் நலிந்த வாக்காளருக்குத் துணையாக உள்ளே செல்பவர் 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். தலைமை அலுவலர் அதைக் கனிவாகத்தான் சொன்னார். நான் உறுதிமொழியில் கையெழுத்திட்டுவிட்டு உள்ளே போனேன். வெளியே வந்தபோது அவள் அந்த அறையின் சன்னலுக்குக் கீழே, தான் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தாள் என்பதைப் பாட்டிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். பாட்டியின் வீட்டுக் கணக்கு, மருந்துச் சீட்டு, முதியோர் உதவித்தொகை எடுக்கும் அட்டை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவள் அவளே.

பதினெட்டு என்று சட்டம் சொல்லும் எண்ணுக்கும், பிள்ளைகள் உண்மையில் முதல் வாக்கைப் போடும் வயதுக்கும் இடையே உள்ள தூரத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மக்களவைத் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிறது. தேர்தலுக்கு முந்தைய தகுதி நாளில் 18 நிறைந்தவர் 18 வயதில் வாக்களிக்கிறார். அந்த நாளைத் தவறவிட்டவர் அடுத்த தேர்தலில் ஏறத்தாழ 23 வயதில் வாக்களிக்கிறார். எல்லோரையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் இருபதரை வயது வரும். எங்கள் வீட்டுப் பெண் தன் முதல் மக்களவை வாக்கை 2029-இல், 23-ஐ நெருங்கும்போது போடுவாள். இடையில் 2026-இல் சட்டமன்றத் தேர்தல் வரும் என்பது உண்மை. அப்போதும் அவளுக்கு இருபது ஆகப் போகும். நான்கு தகுதி நாள்கள் வந்ததால் தேர்தல் இல்லாத ஆண்டுகளில் பெயர் சேர்வது விரைவாகியிருக்கிறதே தவிர, தேர்தல் நாள் அவரவர் பிறந்தநாளுக்காகக் காத்திருக்காது. வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியலும் மூடப்பட்டுவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் என் கருத்து உறுதிப்பட்டது: வாக்குரிமை வயதை 16 ஆக்கினால்தான், முதல் மக்களவை வாக்கின் சராசரி வயது பதினெட்டரைக்காவது வரும். பதினெட்டு வயதில் ஒருவர் முழுக் குடிமகன் என்று நாம் உண்மையாகவே நம்புகிறோம் என்றால், சட்டத்தில் எழுத வேண்டிய எண் பதினாறு.

எனக்கு இதில் சொந்த நினைவு ஒன்று உண்டு. 1989 ஜனவரி 21-ஆம் நாள் தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. வாக்குரிமை வயது 21. ஊரே பேசிக்கொண்டிருந்த தேர்தலை, தெருமுனையில் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் இராஜீவ் காந்தி அரசு வாக்குரிமை வயதைக் குறைக்கும் அரசமைப்புத் திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேற்றியிருந்தது. இன்றைய இளைஞர்கள் எழுத்தறிவும் அரசியல் விழிப்பும் உள்ளவர்கள் என்பதையே அந்த மசோதாவின் நோக்கவுரை காரணமாகச் சொன்னது. 1989 மார்ச் 28-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் ஒப்புதல் அளித்ததும் 61-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அவர் எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்துக்காரர் என்பதில் அப்போது எங்களுக்கெல்லாம் தனிப் பெருமை. அந்த நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் வாக்குச்சீட்டை விரித்து முத்திரையைக் குத்தியபோது என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. ஜனவரியில் பக்குவமற்றவனாக இருந்த நான் நவம்பரில் பக்குவப்பட்டுவிடவில்லை. என்னைப் பற்றி நாடு வைத்திருந்த எண்ணம்தான் மாறியிருந்தது. பதினெட்டு வயதுப் பையன்களிடம் நாட்டைக் கொடுப்பதா என்று அன்று பெரியவர்கள் கேட்டது இன்றைக்குப் பதினாறைக் குறித்துக் கேட்கும் அதே சொற்களில்தான்.

பதினாறு, பதினேழு வயதுக்காரர்களைச் சட்டம் மற்ற இடங்களில் எப்படி நடத்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பதினான்கு வயது நிறைந்தவர் அபாயமற்ற தொழில்களில் வேலைக்குப் போகலாம். பதினாறு நிறைந்தவர் கியர் இல்லாத, 50 சிசி வரையுள்ள வண்டிக்கு ஓட்டுநர் உரிமம் பெறலாம். சிறார் நீதிச் சட்டம், 2015-இன்படி, கொடிய குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பதினாறு வயது நிறைந்த ஒருவரை வயது வந்தோராகக் கருதி விசாரிக்கவும் இடமுண்டு. தன் செயலின் விளைவை அறியும் ஆற்றல் அவருக்கு இருந்ததா என்று சிறார் நீதி வாரியம் ஆராய்ந்து முடிவு செய்யும். விளைவை அறியும் ஆற்றல் பதினாறில் இருக்கக்கூடும் என்று தண்டனைக்காக ஒப்புக்கொள்ளும் சட்டம், வாக்குக்காக அதை ஒப்புக்கொள்ள மறுப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. தமிழ்நாட்டில் இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு நீட் தேர்வு. சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருந்தால் அந்தத் தேர்வை எழுதலாம். விலக்கு கோரும் மசோதா 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பியபின் 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேறியது. ஒவ்வொரு தேர்தல் மேடையிலும் நீட்டைப் பற்றி ஆதரித்தோ எதிர்த்தோ யாராவது பேசுகிறார்கள். அந்தத் தேர்வை எழுதும் பிள்ளைகள் அந்த மேடைகளுக்கு முன்னால் வாக்காளர்களாக உட்கார்ந்ததே இல்லை. அவர்கள் வாக்காளர்களாகும்போது அவர்களது சேர்க்கை முடிந்து போயிருக்கிறது.

மற்ற நாடுகளின் பட்டியலை நீட்டிக்கொண்டு போக விரும்பவில்லை. ஆஸ்திரியா 2007-இலேயே நாடு தழுவிய தேர்தல்களுக்கு 16 வயதை வைத்துவிட்டது. பிரேசிலில் 1988-இன் அரசமைப்பு முதல் பதினாறும் பதினேழும் விரும்பினால் வாக்களிக்கலாம். பதினெட்டுக்குப் பிறகே கட்டாயம். இந்தோனேசியாவில் 17. ஸ்காட்லாந்தில் 2014-இன் விடுதலைப் பொதுவாக்கெடுப்பில் பதினாறு வயதினர் வாக்களித்தார்கள். 2025 ஜூலையில், பிரிட்டன் முழுவதற்கும் 16 வயதைக் கொண்டுவரப் போவதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. ஆனால் சேவையின் தரம் என்று பார்க்கும்போது நாம் கற்க வேண்டியது மலேசியாவிடம். அங்கே 21 ஆக இருந்த வயதை 18 ஆக்க 2019-இல் அரசமைப்பைத் திருத்தியபோது, அதோடு சேர்த்துத் தானியங்கிப் பதிவையும் கொண்டுவந்தார்கள். 2021 டிசம்பர் 15 முதல் இரண்டும் நடைமுறைக்கு வந்தன. வயது நிறைந்தால் பெயர் தானே சேரும். படிவம் இல்லை, முகாம் இல்லை. 2018 பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 1.49 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022 நவம்பர் தேர்தலில் 2.1 கோடியைத் தாண்டியது. அங்குள்ள தமிழ் இளைஞர்களும் அப்படி விண்ணப்பிக்காமலே பட்டியலில் சேர்ந்தவர்கள்தான்.

நம் நிலையை இதோடு ஒப்பிட்டால் வருத்தமாக இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் வெளியான பட்டியலில் நாட்டின் மொத்த வாக்காளர் ஏறத்தாழ 97 கோடி. அவர்களில் 18, 19 வயதினர் சுமார் 1.84 கோடி. அந்த வயதில் இருப்பதாக மதிப்பிடப்படும் இளைஞர்களில் இது பாதிகூட இல்லை. இளைஞர்களுக்கு அக்கறை இல்லை என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. பதினெட்டு என்பது தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வீட்டை விட்டுக் கிளம்பும் வயது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கையோடு ஒருத்தி கோயம்புத்தூரில் விடுதிக்குப் போகிறாள், ஒருவன் திருப்பூரிலோ ஓசூரிலோ வேலைக்குப் போகிறான். விடுதி முகவரியில் பதிவதா, வீட்டு முகவரியில் பதிவதா என்ற குழப்பம் ஒரு பக்கம். தேர்தல் நாளில் பேருந்து பிடித்து ஊர் வந்து சேரும் பாடு இன்னொரு பக்கம். பதினாறு வயதில் அதே பிள்ளை தன் வீட்டில், தன் பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில், வாக்குச்சாவடியைத் தெரிந்த இடமாகக் கொண்டு வாழ்கிறது. முதல் வாக்கைப் போடுவதற்கு அதைவிட நல்ல காலம் இல்லை. முன்பதிவுச் சேவை ஓரளவு இந்தக் குறையைத் தீர்க்கிறது என்பதற்காகவே அதைப் பாராட்டுகிறேன். பெயரையாவது வீட்டில் இருக்கும்போதே சேர்த்துவிட முடிகிறது. ஆனாலும் அது இலையைப் போட்டுவிட்டுப் பந்தியைத் தள்ளி வைப்பது போலத்தான் இருக்கிறது.

எதிர்வாதங்களை நான் எளிதாக ஒதுக்கவில்லை. பிள்ளைகள் அப்பா சொல்லும் சின்னத்துக்கே போடுவார்கள் என்பது அதிகம் கேட்கும் ஒன்று. பெண்களைக் குறித்தும் இந்த நாட்டில் இதே பேச்சு இருந்தது. முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டுமே பதிவான பெண்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அப்படிப்பட்ட பதிவுகளை ஏற்க மறுத்ததால் ஏறத்தாழ 28 இலட்சம் பெயர்கள் பட்டியலிலிருந்து விடுபட்டன. பெண்கள் தம் பெயரைச் சொல்லப் பழகியது வாக்குரிமை கிடைத்த பிறகு, அதைப் பயன்படுத்தியதன் மூலமே. என் தாயாரே முதல் சில தேர்தல்களில் என் தந்தையைக் கேட்டுத்தான் போட்டார். எந்த ஆண்டிலிருந்து கேட்பதை நிறுத்தினார் என்று அவர் இன்றுவரை எங்களிடம் சொல்லவில்லை.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது பணம். எங்கள் மாவட்டத்தின் தஞ்சாவூர் தொகுதியிலும் கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியிலும் 2016-இல், வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதால் சட்டமன்றத் தேர்தலே ரத்தானது. 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் அதே நிலை. வீட்டுக்கு இத்தனை வாக்கு என்று தலையெண்ணிக் கொடுக்கும் இடத்தில் பதினாறு வயதுப் பிள்ளையும் ஒரு தலையாகிவிடுமே என்று என் அக்கா கேட்டார். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தத் தொகுதிகளில் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் வயது முதிர்ந்தவர்கள்; வயது அவர்களைத் தடுக்கவில்லை. பள்ளி வளாகத்துக்குள் கட்சிக் கொடியும் துண்டறிக்கையும் நுழையக் கூடாது என்பதற்கு வயதுக் குறைப்போடு சேர்த்து உறுதியான சட்டம் வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. மாணவரிடம் வாக்கு கேட்கும் ஆசிரியருக்கும் வேட்பாளருக்கும் தண்டனை வேண்டும். அவர்கள் தவறு செய்யக்கூடும் என்பதற்காகப் பிள்ளையின் உரிமையை நிறுத்தி வைப்பது மட்டும் கூடாது.

சேவையில் என்ன மாற வேண்டும் என்று கேட்டால் இரண்டு சொல்வேன். ஒன்று, விண்ணப்பம் என்ற நிலையே போய்ப் பள்ளி வழியாகப் பதிவு நடக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர் கொடுக்கும்போதே பிறந்த நாள், படம், பெற்றோர் பெயர் எல்லாம் சரிபார்த்து வாங்கப்படுகின்றன. பள்ளிகளில், தேர்தலைப் பற்றி மாணவர்களுக்குக் கற்பிக்கும் தேர்தல் எழுத்தறிவு மன்றங்களும் தொடங்கப்பட்டிருக்கின்றன. மாணவரின் ஒப்புதலோடு அந்த விவரங்களே வாக்காளர் பட்டியலுக்குப் போனால் விடுபடுவோர் மிகக் குறைவார்கள். பள்ளியை விட்டு நின்றவர்களைத் தேடிப் போவதற்கு வாக்குச்சாவடி நிலை அலுவலருக்கும் நேரம் மிஞ்சும். இரண்டாவது, அரசமைப்பின் 326-ஆவது பிரிவில் இருக்கும் எண். அதை மாற்றுவது தேர்தல் ஆணையத்தின் கையில் இல்லை, நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது என்பது தெரியும். ஆனால் பதினேழு வயதினரின் விண்ணப்பங்களை இத்தனை ஒழுங்காகக் கையாள முடியும் என்று இச்சேவை காட்டியபின், நடைமுறைச் சிக்கல் என்ற காரணத்தை இனி யாரும் சொல்ல முடியாது.

அதுவரை, இருப்பதைப் பயன்படுத்துங்கள். பிள்ளை அடுத்த ஆண்டு எந்த மாதம் பதினெட்டை எட்டினாலும், இந்த ஆண்டின் இறுதியில் வரைவுப் பட்டியல் வெளியாகும்போதே படிவம் 6-ஐக் கொடுத்துவிடுங்கள். ஐயம் இருந்தால் 1950 என்ற எண்ணில் கேட்கலாம். படிவத்தைப் பிள்ளையே நிரப்பட்டும். உறுதிமொழியைப் படித்த பிறகே கையெழுத்திடட்டும்.

அட்டை வந்த பின் எங்கள் வீட்டுப் பெண் அதைக்கொண்டு இன்னும் ஒரு வாக்கும் போடவில்லை. எங்கள் மாவட்டம் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தத் தேர்தலும் வரவில்லை. ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்களே கிராம சபையின் உறுப்பினர்கள் என்பதால், 2024 அக்டோபர் 2-ஆம் நாள் நடந்த கிராம சபைக்கு அவள் உறுப்பினராகப் போனாள். அவளுடைய தம்பியும் கூட வந்தான். அவன் 2008 செப்டம்பரில் பிறந்தவன். அப்போது பதினோராம் வகுப்பு. மாலைப் பேருந்து பள்ளி விடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே போய்விடுவதால், அவனும் இன்னும் சில பிள்ளைகளும் நாள்தோறும் நான்கு கிலோமீட்டர் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். நேரத்தை மாற்றக் கோரும் தீர்மானத்தை அவனுடைய அக்காதான் எழுந்து சொன்னாள். எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை பிள்ளைகள் என்று அவன் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். தீர்மானம் நிறைவேறியது. வருகைப் பதிவேடு பாயில் உட்கார்ந்திருந்தவர்களின் கைமாறி வந்தபோது, அவள் தன் பெயருக்கு நேரே கையெழுத்திட்டாள். அவன் அதை வாங்கி, கையெழுத்திடாமல் அடுத்தவரிடம் நீட்டினான். அவனுக்கு 18 நிறைவது 2026 செப்டம்பரில். சட்டமன்றத் தேர்தல் முடிந்து சில மாதங்கள் ஆகியிருக்கும்.